வெட்ட வேண்டிய குடல் எது

என் பேரன் பிறந்த மூன்றாம் நாள் காலையில் ஒரு நர்சிங் ஹோம் மேனேஜரை நான் அறைந்தேன். அவன் கண்ணாடி பறந்து போய் மருந்து ட்ரேயில் விழுந்தது. இன்றைக்கு அவன் எதிரே வந்தாலும் இன்னொன்று கொடுப்பேன்.

என் பெயர் ஏழுமலை. சேலையூரில் கறிக்கடை ஏழுமலை என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். ஆட்டுத்தலை சுட்டுச் சுரண்டிக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, இன்று சேலையூரில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று என்று மூன்று கடை. எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. கத்தி பிடித்த கையால் பேனா பிடிக்கிறேன் என்று என் மனைவி பச்சையம்மாள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் வயிறு வீங்கிய கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழிக்கிற பெற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத்தான் இது.

மேனேஜரை ஏன் அறைந்தேன் என்று சொல்கிறேன். என் மகன் சேகருக்கும் மருமகள் நிர்மலாவுக்கும் தலைப்பிள்ளை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தோம். பிள்ளை நல்ல எடை, நல்ல குரல். பச்சையம்மாள்தான் துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளைக்கு முதலில் தார் மாதிரி கறுப்பாக வெளியே போகும். காட்டுப்பீ என்போம். ஒரு நாளில், தாமதமானால் இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யோவ், இத்த பாரு. இன்னும் எறங்கல. சேகரு பொறந்தப்போ இதேதான்யா" என்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

மேனேஜரிடம் போனேன். "கேஸ்தான் பெரியவரே. சொட்டு மருந்து ஊத்தியாச்சு. டாக்டர் மதியம் வருவாரு" என்றான். நான் திரும்பி வருவதற்குள் பிள்ளை வாந்தி எடுத்தது. பால் இல்லை. அரைத்த கொத்தமல்லி மாதிரி பச்சை. வயிறு தோல் பளபளக்க ஏறி நின்றது. நிர்மலாவை எழுப்பி, பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினால், அவன் படிக்கட்டுக்குக் குறுக்கே கை நீட்டி நிற்கிறான். "டிஸ்சார்ஜுக்கு ஒரு ப்ரொசீஜர் இருக்குங்க. டாக்டர் சொல்லாம நீங்களா தூக்கினு போகக் கூடாது."

அறை விழுந்தது. வழி கிடைத்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு அம்மா. குள்ளம், பாதி நரைத்த தலை, பேசும்போது கண்ணை எடுக்காமல் பார்ப்பார். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு உறை மாட்டிய சுண்டுவிரலைப் பின்பக்கம் மெல்ல விட்டு எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், டயர் வெடித்த மாதிரி காற்றும் கறுப்பும் பீய்ச்சி அடித்தது. டாக்டர் அம்மா கோட்டு, நர்ஸ் முகம், பின்னால் இருந்த சுவர் எல்லாவற்றிலும் தெறித்தது. பிள்ளையின் வயிறு எங்கள் கண்ணெதிரே தணிந்தது.

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாழ்த்துக்கள் தாத்தா" என்றாள்.

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "இப்படி வெடிச்சா எனக்குப் பாதி தெரிஞ்ச மாதிரி. மீதியைப் பரிசோதனை சொல்லணும்" என்றார்.

அந்த நோய்க்கு வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர், ஹிர்ஷ்ஸ்ப்ரங். என் பாஷையில் சொல்கிறேன். ஆட்டை அறுத்துக் குடலை எடுத்துப் பாத்திரத்தில் போட்டால் அது கொஞ்ச நேரம் பாம்பு மாதிரி நெளியும். உயிர் போன பிறகும் நெளியும். சாப்பாட்டைக் கீழே தள்ளுகிற நெளிவு அது. குடல் சுவருக்குள் இருக்கிற நரம்பு அணுக்கள்தான் அந்த வேலையைச் செய்யச் சொல்கின்றன. சில பிள்ளைகளுக்குத் தாய் வயிற்றிலேயே, குடலின் கடைசிப் பகுதிக்கு அந்த அணுக்கள் வந்து சேர்வதில்லை. அந்த இடம் நெளியாது, விரியாது. மூடிய முஷ்டி மாதிரி இறுகியே இருக்கும். மேலே இருந்து வருவதெல்லாம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும்.

பின்பக்கமாக ஒரு வெள்ளை மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். உள்ளே இருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வராண்டாவில் கிடந்தோம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிர்மலா எழுந்து நிற்பாள், உட்காருவாள். அறுத்துப் பெற்ற உடம்பு. தையல் இழுக்கும். நான் அதட்டினாலும் கேட்கமாட்டாள்.

முடிவு வந்தது. நரம்பு அணு இல்லை. டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மேலே குடல் பூசணிக்காய் மாதிரி ஊதியிருந்தது. கீழே கொஞ்ச தூரம் ஒல்லியாக, சீராக, பார்க்க லட்சணமாக இருந்தது.

"இந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, மேல இருக்கறதைக் கீழ இழுத்து ஆசனவாயோட சேர்த்துத் தைக்கணும்" என்று அந்த ஒல்லியான பகுதியைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகக் குடல் கழுவுகிறவன் நான். ஊதிய குடலை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் ஒதுக்கிப் போடுவோம். ஒல்லியாக, சுத்தமாக இருப்பதைத்தான் எடையில் வைப்போம்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா கொடல்னு வந்துட்டா எனக்கே பாடம் எடுக்கக் கூடாது. வீங்கினு கீதே, அதான் கெட்டது. நல்லத வெட்டிட்டுக் கெட்டத இழுத்துத் தைக்கிறேன்றீங்களே!"

"வீங்கினதுதான் ஐயா நல்லது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அது அப்படி ஆயிருக்கு. கீழ அழகா இருக்கே, அதுதான் வேலை செய்யாதது."

"சரி, வயித்தத் தொறந்து கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"வயித்தைத் திறக்கப் போறதில்லை. கீழ் வழியாவே உள் தோலை உரிச்சு, குடலை வெளிய இழுத்து, வெட்டித் தைச்சிடுவோம். ஒரே ஆபரேஷன்."

வயிற்றைத் திறக்காமல் குடலை வெட்டுவதா? எந்தக் கறிக்கடைக்காரனாவது ஒத்துக்கொள்வானா? எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த சேகரின் சட்டையை மேலே தூக்கினேன். வயிற்றின் குறுக்கே கயிறு மாதிரி ஒரு தழும்பு, இடது பக்கம் குழி விழுந்த இன்னொரு தழும்பு. அவனுக்கும் இதே நோய்தான். அந்தக் காலத்தில் பெரியாஸ்பத்திரியில் மூன்று தடவை கத்தி வைத்தார்கள். முதலில் வயிற்றில் ஓட்டை போட்டு அதன் வழியாகவே வெளியே போக வைத்தார்கள். பிறகு வயிற்றைத் திறந்து கெட்ட குடலை வெட்டினார்கள். கடைசியில் ஓட்டையை மூடினார்கள். ஓட்டையைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டி, மாற்றி மாற்றி, பச்சையம்மாள் கை தோல் உரிந்தது.

"பாருங்கம்மா. மூணு வாட்டி கத்தி. இன்னிக்கு இவன் சிங்கம். என் பேரனுக்கும் இதான் வேணும்" என்றேன்.

டாக்டர் அம்மா தழும்பைப் பார்க்கவில்லை, சேகர் முகத்தைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கீங்க?"

"அதான் சொன்னேனே, சிங்கம்" என்றேன்.

"அவரைச் சொல்ல விடுங்க."

"நல்லா இருக்கேன் மேடம்" என்று சேகர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டான்.

எனக்கு அது போதும். பையைத் தூக்கித் தோளில் போட்டேன். "எந்திரிம்மா நிர்மலா. வயித்தத் தொறந்து பாக்குற ஆஸ்பத்திரி சென்னையில எத்தினியோ கீது."

லிஃப்ட் வரைக்கும் போயிருப்பேன். பின்னால் இருந்து என் காலரில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் சேகர். என்னை அப்படியே இழுத்துச் சுவரில் சாத்தினான். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் எதிரே உரக்கப் பேசாத பிள்ளை.

"பைய கீழ வை நைனா."

"கைய எட்றா."

எடுக்கவில்லை. நான் விட்டேன் ஒன்று, அவன் கன்னத்தில். அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது. அறுபது தாண்டிய ஆள்தான், ஆனாலும் கடாவைத் தனியாகச் சாய்க்கிற தோள் இது. அவன் இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன். இரண்டு பேரும் சக்கர நாற்காலி மேல் போய் விழுந்தோம். பெண்கள் அலறினார்கள். செக்யூரிட்டி இரண்டு பேர் ஓடி வந்து அவன் கையை முறுக்கிப் பிடித்தார்கள். பிடித்த பிடியிலேயே அவன் கத்தினான்.

"சிங்கமா? சிங்கம் பேண்ட்லயே போவுமா நைனா? சொல்லு, போவுமா?"

செக்யூரிட்டிகள் பிடியைத் தளர்த்தினார்கள். அவன் நிறுத்தவில்லை.

"மறைமலை நகர் கம்பெனி வேலைய இன்னாத்துக்கு வுட்டேன்? நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுற, எம்புள்ள எவன்கிட்டயும் கைகட்டி நிக்கமாட்டான்னு. லைன்ல நிக்கும்போது வந்துடுச்சு. நடுவுல போவ வுடமாட்டான். பக்கத்துல நின்னவன் மூக்கப் பொத்தினான். அதுக்குத்தான் வுட்டேன். கறுப்பு பேண்ட்டத் தவிர வேற நான் போட்டுப் பாத்துருக்கியா? பஸ்ல ஏறிப் பாத்துருக்கியா? ராத்திரில எனக்கே தெரியாம போவுது, இந்த வயசுல! கடைக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் சட்டையத் தூக்கித் தூக்கிக் காட்டுவ. அத்தினி பேரு எதிர்ல நான் இன்னான்னு சொல்றது?"

என் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. வலி தெரியவில்லை. நிர்மலாவைப் பார்த்தேன். பெண்டாட்டி எதிரே இப்படிப் போட்டு உடைக்கிறானே என்று. அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மாமா. கல்யாணமான மறுவாரமே தெரியும். அத்தைக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

பச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அடிச்சு முடிச்சாச்சா? உள்ள வாங்க" என்றார். நர்ஸ் என் உதட்டில் பஞ்சை அழுத்தி வைத்தாள். சேகருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரே மடக்கில் குடித்தான்.

அன்று அவர் சொன்னதைப் பெற்றவர்கள் நன்றாகப் படிக்க வேண்டும். "வயித்தைத் திறந்து செஞ்சாலும், கீழ வழியா செஞ்சாலும், பிள்ளை வளர்ந்து ஆளானப்புறம் பார்த்தா பெரிய வித்தியாசம் இருக்கிறதில்லை ஐயா. கீழ வழியா செஞ்சா தழும்பு இல்லை, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அதுக்காகத்தான் செய்யறேன். பின்னால வர்ற வருஷங்களுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். சில பிள்ளைங்க மத்த பிள்ளைங்க மாதிரியே ஆயிடுவாங்க. சிலருக்கு மலச்சிக்கல் இருக்கும். சிலருக்குத் தெரியாம கசியும். அது சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை. வளர வளர நிறையப் பேருக்குக் குறையும். குறையாதவங்களுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா சொன்னாத்தானே நான் செய்ய முடியும்?" சேகரைப் பார்த்தார். "ஆபரேஷன் முடிஞ்சதோட யாரும் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"ஓட்டைய மூடினதும் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க மேடம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கத்தியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கத்தி வைத்தாலும் என் பேரனும் இவன் மாதிரி கறுப்பு பேண்ட்டுக்குள் ஒளிந்து வாழப் போகிறானா இல்லையா என்பதுதான் கேள்வி. அதைக் கத்தி முடிவு செய்யாது.

"கீழ் வழியாவே பண்ணுங்கம்மா. ஆனா ஒண்ணு, வெட்டினத எனக்குக் காட்டணும்" என்றேன்.

எடை ஏறும்வரை சில வாரம் வீட்டில் இருந்தோம். பிள்ளைக்குக் கவின் என்று பெயர் வைத்தோம். தினமும் மெல்லிய ரப்பர் குழாயைப் பின்பக்கமாக விட்டு, உப்புத் தண்ணீர் ஏற்றி, உள்ளே இருப்பதைக் கழுவி எடுக்க வேண்டும். எத்தனையோ குடலுக்குள் கை விட்டவன், நான் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். குழாய் உள்ளே போனதும் பிள்ளை வீறிட்டது. என் கை மரத்துப்போய் நின்றுவிட்டது.

"தள்ளு நைனா" என்று சேகர் வாங்கிக்கொண்டான். அவன் கை ஆடவில்லை. குழாய் வழியே காற்று சீறும்போதெல்லாம், "அப்டித்தான்டா. வுடு, வுடு, நல்லா வுடு" என்று பிள்ளையோடு பேசுவான். வாடை தெரு முனைவரை அடிக்கும். மாடி வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துவார். சேகர் அசரவில்லை.

ஆபரேஷன் நாள் வந்தது. வெளியே உட்கார்ந்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. பச்சையம்மாள் வேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். நிர்மலாவுக்குப் பால் கட்டி வலி. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பில்லைப் பற்றிக் கேட்பீர்கள். பள்ளிக்கரணைக் கடைக்கு வாங்க இருந்த பெரிய ஃப்ரீசரை வாங்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

கதவு திறந்தது. டாக்டர் அம்மா பச்சை உடையோடு நின்றார். கையில் எஃகுத் தட்டு. "கறிக்கடைக்காரரே, வாங்க."

தட்டில் என் பேரனின் குடல் கிடந்தது. ஒரு பக்கம் ஈர்க்குச்சிக் கனம். அங்கே இருந்து புனல் மாதிரி விரிந்து, மறுபக்கம் என் கட்டைவிரல் கனம். "ஆபரேஷன் நடக்கும்போதே துணுக்கு அனுப்பி, நரம்பு அணு இருக்கான்னு பார்த்துக்கிட்டே மேல போனோம். இருக்குன்னு சொன்ன இடத்துக்கும் கொஞ்சம் மேலயே வெட்டியிருக்கேன். இந்த ஒல்லியான இடம் நெளியுதா பாருங்க."

நெளியவில்லை. கறிக்காரன் கண்ணுக்கு அது புத்தம்புதுக் குடல், முதல் தரம். நானே எடுத்து எடையில் வைத்திருப்பேன். அதைத்தான் காப்பாற்றச் சொல்லி மகனோடு உருண்டேன். கை கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த டீ முழுவதும் வாந்தி எடுத்தேன்.

அப்புறம் கொஞ்ச காலம் கடையில் குடல் விற்கவில்லை. பழைய வாடிக்கை முனுசாமி வந்து, "இன்னா அண்ணே, கொடல் கீதா?" என்பான். "இல்ல போ" என்பேன். "அதோ தொங்குதே?" என்பான். "அது விக்கிறதுக்கு இல்லடா, கெளம்பு!" என்று கத்தியை ஓங்குவேன். தெரு நாய்கள் கொழுத்தன.

முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் உண்மையான அடி விழுந்தது. பொங்கலுக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்த பகல் நேரம். கவினுக்கு உடம்பு சுட்டது. பேதி. தண்ணீராகப் பீய்ச்சியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பல்லு மொளைக்குது", "அடைச்சது தொறந்துக்கிச்சு, நல்லதுதானே" என்றார்கள். கடையிலிருந்து ஓடி வந்த சேகர் துணியைக் குனிந்து முகர்ந்தான். அவன் முகம் மாறியது.

"இது பேதி இல்ல நைனா. இந்த வாடை எனக்குத் தெரியும். சின்ன வயசுல எனக்கு வந்தது. வண்டிய எடு."

ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் இந்த நோய்க்காரப் பிள்ளைகளுக்குக் குடலில் திடீர்த் தொற்று வரலாம். வயிறு உப்பும், காய்ச்சல் அடிக்கும், அழுகின நாற்றத்தோடு பீய்ச்சும். சாதாரண பேதி என்று நினைத்து அதை நிறுத்துகிற மருந்து கொடுத்தால், உள்ளே அடைத்துக்கொண்டு விஷம் ரத்தத்தில் ஏறும். பிள்ளை போய்விடும். டாக்டர் அம்மா எங்கள் காதில் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்.

பெருங்களத்தூரில் வண்டி நின்றது. முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஊருக்குப் போகிற பஸ்தான். ஒரு ஆம்னி பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்தேன். டிரைவர் கையை வெளியே நீட்டி, "இரு பெருசு, வானத்துலயா போவ?" என்றான். பின்சீட்டில் நிர்மலா, "மாமா, கண்ணு சொருகுது" என்றாள்.

டிக்கியில் இருந்து வீல் கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி முதல் அடியில் போனது. ஹெட்லைட் இரண்டாவது அடியில். "எட்றா வண்டிய! எம்பேரன் சாவுறான்டா!" என்று பானெட்டில் அடித்துக்கொண்டே இருந்தேன். கிளீனர் என் மேல் பாய்ந்தான். முதுகில் மிதித்தான். மூச்சு நின்றது. விடவில்லை. அதற்குள் சேகர் ஜன்னல் வழியே பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். பானை மாதிரி வயிறும் சாம்பல் முகமும் பார்த்த டிரைவர் கியரைப் போட்டான். பஸ்ஸை நடைபாதை மேல் ஏற்றினான். என்னை மிதித்த அதே கிளீனர், விசில் ஊதிக்கொண்டு முன்னால் ஓடி, ஒவ்வொரு வண்டியாகத் தட்டித் தட்டி எங்களுக்கு வழி எடுத்தான். அவன் பெயர் தெரியாது. கடைக்கு வந்தால் ஒரு முழு ஆடு அவனுக்கு உண்டு.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே குழாய் போட்டுக் கழுவினார்கள். வாளி நிறைய வந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். டாக்டர் அம்மா, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"எம்புள்ள" என்றேன்.

கவின் பிழைத்தான். காய்ச்சல் இறங்கின மறுநாள் டாக்டர் அம்மா சேகரை மடக்கினார். "மகனுக்கு மறுபரிசோதனை போடறேன். அதே நாள் அப்பாவுக்கும்."

அந்த நாளும் வந்தது. குழந்தைகள் பிரிவு. சுவரெல்லாம் யானை, முயல் படம். டோக்கன் கூப்பிடுகிறவர், "சேகர்! வயசு..." என்று சீட்டைத் தூக்கிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். "முப்பத்து மூணு?" பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எல்லாம் சிரித்தார்கள். சேகர் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, அவர்களைப் பார்த்தே சொன்னான்: "எனக்கும் இதே ஆபரேஷன்தாங்க. உங்க புள்ளைங்களுக்கு ஆனதுதான். பெரியவனானப்புறம் எப்படி இருக்கும்னு எதுனா கேக்கணும்னா கேளுங்க." சிரிப்பு நின்றது. அவன் உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவனை வேறு டாக்டரிடம் அனுப்பி, தினமும் காலையில் குடலைக் கழுவிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். எதைச் சாப்பிட்டால் இளகும், எது கட்டும் என்று சொன்னார்கள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சில வாரம் கெட்ட வாரம். ஆனால் இந்தத் தீபாவளிக்குச் சந்தன நிறத்தில் பேண்ட் எடுத்தான்.

கவினுக்கு இப்போது நாலு வயது முடிந்துவிட்டது. எல்.கே.ஜி. அவனுக்கும் அவசரம் வந்தால் நிற்காது. கசிவு உண்டு. அவனுக்கு என்ன நோய் என்று சேகர் அவனுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறான், பாட்டு மாதிரி. சேர்ந்த முதல் வாரம் வேனில் ட்ரவுசரிலேயே போய்விட்டான். டிரைவர் எல்லாப் பிள்ளைகள் எதிரிலும், "கலீஜ் புடிச்சவனே" என்றானாம். கவின் இதைத் தோசை தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னான். எனக்குச் சாதாரணமாக இல்லை. மறுநாள் காலை என் பைக்கில் அந்த வேனுக்குப் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூட வாசலில் அவன் பல்லை எண்ணிக் கையில் கொடுப்பது என்று முடிவு.

வேன் பள்ளிக்கூடம் வரை போகவில்லை. கேம்ப் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் சடாரென்று திரும்பி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, கவினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். நான் பைக்கைக் கீழே போட்டுவிட்டு முஷ்டியோடு ஓடினேன்.

கவினை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கக்கூஸ் கதவைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான் அந்த டிரைவர்.

"யோவ், எவன்யா உள்ள! வெளிய வாய்யா! உள்ள குந்திக்கினு போனு பாக்குறியா? புள்ளைக்கு அர்ஜெண்ட்டுய்யா!"

உள்ளே இருந்து கெட்ட வார்த்தை வந்தது. டிரைவர் அதைவிடக் கெட்டதாக ஒன்று திருப்பிக் கொடுத்து இன்னொரு உதை விட்டான். தாழ்ப்பாள் ஆடியது. திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீ யாரு பெரியவரே? நீயும் கியூவா?"

"அவன் தாத்தா."

"உன் பேரனா? காலைல ஏறினதும் என் தோளத் தட்டிச் சொல்றான் சார், 'அங்கிள், என் குடல்ல கொஞ்சம் வெட்டி எடுத்துட்டாங்க. அதனால அடக்க வராது. நான் சொன்னா நீங்க அங்கயே நிறுத்தணும். நேத்து நீங்க திட்டினது தப்பு'ன்றான். நான் இன்னா சார் பண்ணட்டும்? எனக்கும் ரெண்டு கீது வூட்ல."

கதவு திறந்தது. உள்ளே இருந்தவன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். அவனை நான் பார்த்துக்கொண்டேன். ஓங்கின கை வீணாகக் கூடாது, சுவரோடு சேர்த்து ஒரு அழுத்து. கவின் உள்ளே ஓடினான்.

பிறகு உள்ளே இருந்து, பங்கில் பெட்ரோலுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல்:

"தாத்தா! வந்துடுச்சு! ட்ரவுசர்ல இல்ல, உள்ளதான்!"

வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலருக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று தோன்றியது. நான் நடுவில் போய் நின்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.